பேனரில் எம்.பி.பி.எஸ்., கையில் பி.டி.எஸ்.

எனக்கு முன்னால் போன பெண் மேடையிலிருந்து இறங்கியதும், திரையில் கடைசியாக மிச்சமிருந்த ஒன்று பூஜ்யம் ஆனது.

சென்னையில் மருத்துவக் கலந்தாய்வு நடந்த அரங்கம் அது. குளிர் தாங்கவில்லை. நைனா தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு காதையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே பெரிய திரை. அதில் கல்லூரிகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் மீதி இடங்களின் எண்ணிக்கை. ஒருவர் மேடைக்குப் போய் வந்தால் ஏதாவது ஓர் எண் குறையும்.

நைனாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. எண் தெரியும். மூட்டை எண்ணுகிறவர் அல்லவா.

"இன்னாடா, கொறஞ்சிக்கினே வருது?"

"அதான் எம்.பி.பி.எஸ். சீட்டு நைனா. ஒருத்தர் எடுத்தா ஒண்ணு கொறயும்."

"ஒன்ன கூப்புடும்போது எத்தினி இருக்கும்?"

"பாக்கலாம்."

பார்த்தோம். என் பெயரைக் கூப்பிட்டபோது எங்கள் பிரிவில் மேலிருந்து கீழ் வரை பூஜ்யம்தான். சான்றிதழ் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு மேடை ஏறினேன். நைனா செருப்பைப் படிக்குக் கீழே விட்டுவிட்டு வந்தார். கோயில் என்று நினைத்தாரோ என்னவோ, நான் கேட்கவில்லை.

கணினிக்குப் பின்னால் இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, எம்.பி.பி.எஸ். முடிஞ்சிடுச்சி. பி.டி.எஸ். இருக்கு. எடுத்துக்கிறியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா கேட்டார். "அது இன்னா படிப்பும்மா?"

"பல் டாக்டருங்க ஐயா."

"டாக்டருதான?"

"டாக்டர்தான்."

"மத்த ஒடம்பெல்லாம் பாக்க மாட்டானா?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். நைனா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் நாங்கள் இருவரும் நினைத்தது ஒன்றைத்தான். என் எதிர்காலத்தை அல்ல. செஞ்சிக் கூட்டு ரோட்டில் கட்டியிருந்த பேனரை.

கூட்டு ரோட்டில் என் முகம்

நைனா நெல் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் என்று போர்டில் எழுதியிருந்தாலும் எங்களுக்கு அது கமிட்டிதான். அறுப்புக் காலத்தில் அனந்தபுரத்திலிருந்தும் மேல்சித்தாமூரிலிருந்தும் டிராக்டர்கள் இரவே வந்து ரோட்டோரம் நிற்கும். காலையில் ஏலம், பிறகு எடை, பிறகு மூட்டை கட்டுவது, லாரியில் ஏற்றுவது. நெல் சுனை பட்டு நைனாவின் கழுத்து எப்போதும் சிவந்தே இருக்கும். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அம்மா அவர் முதுகில் தேங்காயெண்ணெய் தேய்த்துவிடுவார். எங்கள் வீட்டின் வாசனை எது என்று கேட்டால் நெல் தூசியும் தேங்காயெண்ணெயும் கலந்த அந்த வாசனையைத்தான் சொல்வேன். இப்போதும் எங்காவது ரைஸ் மில்லைத் தாண்டிப் போனால் எனக்குப் பசி எடுக்கும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். பன்னிரண்டாவது முடித்து, நீட் எழுதி, அரசுப் பள்ளி மாணவர்களின் தரவரிசைப் பட்டியலில் என் பெயர் வந்தது. பெயர் வந்தால் போதுமா, எத்தனையாவது பெயர் என்பது முக்கியமில்லையா? இதைக் கமிட்டி ஆட்களுக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். கூச்சத்தில் சொல்லவில்லை.

மறுநாள் மாலையே பேனர் ஏறிவிட்டது.

ஏற்பாடு ஏழுமலை மாமாவுடையது. அவர் கமிட்டியில் மேஸ்திரி. எந்த லாரிக்கு யார் ஏற்ற வேண்டும் என்று சொல்கிற ஆள். நைனாவுக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. பேனர் கடையில் என் பள்ளி அடையாள அட்டைப் போட்டோவைக் கொடுத்திருக்கிறார். கடைக்காரர் என் தலையை வெட்டி, யாரோ ஒருவரின் வெள்ளைக் கோட்டின் மேல் ஒட்டி, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பும் மாட்டிவிட்டார். கோட்டுக்காரர் நல்ல வாட்டசாட்டம். என் கழுத்து அந்தக் காலருக்குள் குச்சி போல நின்றது. கீழே பதினான்கு வட்டங்களில் சுமைதூக்கும் தொழிலாளர்கள் பதினான்கு பேரும் கைகூப்பி நின்றார்கள். நடுவில் நைனா. மேலே கொட்டை எழுத்தில்: "எங்கள் கமிட்டியின் முதல் டாக்டர், எம்.பி.பி.எஸ்."

"எப்டிக்கீது மாப்ள?" என்றார் ஏழுமலை மாமா.

"மாமா, இன்னும் கவுன்சிலிங்கே போவலியே."

"அது போனா ஆவுது. பேரு வந்துட்ச்சில்ல?"

நான் அதற்குப் பிறகு மூன்று வாரம் கூட்டு ரோட்டைத் தவிர்த்து, கோட்டைப் பக்கத்துச் சந்து வழியாகச் சைக்கிளில் சுற்றிக்கொண்டு போனேன். நைனா மட்டும் நேராகத்தான் போவார். பேனருக்குக் கீழே டீக்கடை. அங்கே நின்று குடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார் என்று அம்மா சொன்னார். அதுவரை அவருக்கு டீ குடிக்கும் பழக்கமே இல்லை.

தீப்பெட்டிக்குள் ஒரு பூச்சி

இந்தத் தொடரைப் படிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: "பல் மருத்துவத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று இதுவரை சொல்லவே இல்லையே?" இதே கேள்வியைக் கல்லூரியில் கேட்டிருக்கிறார்கள், வேலைக்கான நேர்முகத்தில் கேட்டிருக்கிறார்கள், பெண் பார்க்கப் போன வீட்டிலும் கேட்டார்கள். எல்லோருக்கும் சொல்ல ஒரு கதை வைத்திருக்கிறேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நான்காவது படிக்கும்போது எனக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. வலி வந்தால் அம்மா கிராம்பு வைப்பார், உப்புத் தண்ணீர் கொடுப்பார். எருக்கம்பால் விடலாம் என்று யாரோ சொல்ல, அது நாக்கில் பட்டு வெந்துபோனதுதான் மிச்சம். கடைசியில் அனந்தபுரம் சந்தைக்குக் கூட்டிப்போனார். அங்கே பூச்சி எடுக்கிற அம்மா ஒருவர் புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். பழுக்கக் காய்ந்த இரும்புத் துண்டின் மேல் எண்ணெய் விட்டு, கண்டங்கத்திரி விதையைப் போடுவார். குபீரென்று புகை வரும். அதைக் கொட்டாங்குச்சியால் மூடி, பப்பாளித் தண்டு வழியாக வாய்க்குள் பிடிக்கச் சொல்வார். கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டும். பிறகு கீழே இருக்கும் தட்டுத் தண்ணீரைக் காட்டுவார். அதில் வெள்ளை வெள்ளையாக நெளிந்தாற்போலச் சின்ன இழைகள்.

"பாத்தியாம்மா, எத்தினி பூச்சி! புள்ள எப்டித்தான் பொறுத்துக்கினு இருந்துச்சோ."

அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். நான் அதில் ஒரு பூச்சியைக் கேட்டு வாங்கி, தீப்பெட்டியில் போட்டு மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போனேன். எங்கள் அறிவியல் டீச்சர் அதைப் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.

"இது பூச்சி இல்லடா. வெதைக்குள்ள இருக்கிற முளை. சூட்டுல வெடிச்சி வெளிய வந்திருக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏமாந்ததற்காக அல்ல. அந்தப் பூச்சிக்குப் பெயரெல்லாம் வைத்திருந்தேன்.

ஒரு வாரத்தில் வலி நின்றது. அது பால் பல், தானாகவே விழுந்துவிட்டது. பெருமை முழுவதும் பூச்சிக்கார அம்மாவுக்குப் போனது.

கதை நடந்தது உண்மை. ஆனால் பல் மருத்துவத்தில் சேர்ந்ததற்கு அது காரணம் என்று நான் சொல்லிவந்தது பொய். கேட்பவர்கள் முகம் மலர்வதைப் பார்த்துப் பழகிவிட்டேன், அவ்வளவுதான். மேடையில் அந்த அம்மா "எடுத்துக்கிறியா?" என்று கேட்டபோது தீப்பெட்டி என் நினைவிலேயே இல்லை. பின்னால் வரிசை நின்றது. யாரோ ஒருவரின் அப்பா "சீக்கிரம் தம்பி" என்றார். கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

பஸ்ஸில் திரும்பியபோது

திண்டிவனம் வரை நைனா காதில் கட்டிய துண்டை அவிழ்க்கவில்லை. என் மடியில் ஒதுக்கீட்டு ஆணை. ஒரு வாரத்துக்குள் கல்லூரியில் சேர வேண்டும், சேராவிட்டால் இடம் போய்விடும் என்று அதில் இருந்தது.

திண்டிவனத்தில் பஸ் நின்றபோது என் போன் அடித்தது. எங்களுக்கு நீட் பயிற்சி கொடுத்த இயற்பியல் சார்.

"சேர்ந்துடாதடா. இன்னும் ஒரு வருஷம் படி. கண்டிப்பா எம்.பி.பி.எஸ். கிடைக்கும். பல்லுக்குப் போயிட்டு அப்புறம் வருத்தப்படாத."

"சரிங்க சார்."

போனை வைத்ததும் நைனா கேட்டார். "இன்னா சொல்றாரு வாத்தியாரு?"

சொன்னேன். ஜன்னல் வழியாக வெள்ளரிப்பிஞ்சு விற்கும் அம்மாவைக் கூப்பிட்டார். இரண்டு வாங்கினார். ஒன்றை எனக்குக் கொடுத்தார்.

"ஒனக்கு எது தோணுதோ பண்ணு. பேனரப் பத்தி டென்சன் ஆவாத. அத நான் பாத்துக்கறேன்."

"எப்டி பாத்துக்குவ?"

"கயட்டிடச் சொல்றேன்."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒன்றும் இல்லை. சாக்கை இறக்கு என்று சொல்வது போலத்தான் சொன்னார். பேனரைக் கழற்றுவது என்றால் என்ன? பதினான்கு பேரிடமும் போய், என் பையன் நீங்கள் நினைத்தது போல இல்லை என்று ஒவ்வொருவராகச் சொல்வது. பிறகு அந்த டீக்கடையில் போய் நிற்க முடியாது.

வல்லத்தைத் தாண்டும்போதே முடிவு செய்துவிட்டேன். சேரப்போவதில்லை. இன்னும் ஒரு வருடம் படித்து, பேனரில் எழுதியிருப்பதை உண்மையாக்கிவிடுவது. பேனர் இருந்தபடியே இருக்கட்டும்.

தூரத்தில் ராஜகிரிக் கோட்டை தெரிந்தது. நைனா எழுந்து படிக்கட்டுக்குப் போய் நின்றுகொண்டார். கூட்டு ரோட்டில் பேனருக்கு எதிரேதான் பஸ் நிற்கும். அவர் அந்தப் பக்கம் திரும்பாமல் இறங்கி நடந்தார்.

சீல் இருக்குது, அப்பறம் இன்னா?

இரண்டு நாள் கழித்து, என் முடிவைச் சொல்வதற்காக ஆணையை எடுத்துக்கொண்டு கமிட்டிக்குப் போனேன். வீட்டில் சொல்லியிருக்கலாம். அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தைரியம் வரவில்லை.

டீ நேரம். ஏலம் முடிந்து பாதி நெல் மூட்டையாகியிருந்தது. ஆட்கள் கொட்டகை நிழலில் சாக்குகளின் மேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நைனா மட்டும் ஓரமாக நின்று மூட்டை வாய் தைத்துக்கொண்டிருந்தார். நேராக அவரிடம் போகப் பார்த்தேன். நடுவில் ஏழுமலை மாமா மறித்துவிட்டார்.

"வாங்க டாக்டரே! எங்க, ஆர்டரக் காட்டு."

"மாமா, அது வந்து... அது எம்.பி.பி.எஸ். இல்ல. பல்லு டாக்டரு."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். ஏழுமலை மாமா தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"சீலு இருக்குது. அப்பறம் இன்னா?"

கமிட்டியில் வேலை செய்யாதவர்களுக்கு இது புரியாது. அங்கே ஏலச் சீட்டில் சீல் விழுந்துவிட்டால் அந்த நெல் கைமாறியது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஒரு பேச்சும் கிடையாது. சீல் வைத்த தாள் என் கையில் இருந்ததால், அவர்கள் கணக்கில் நான் அந்த நிமிடமே பல் டாக்டர். படிப்பு, கல்லூரி, ஐந்து வருடம் என்பதெல்லாம் லாரியில் ஏற்றுகிற மாதிரி, பிறகு நடக்கும் காரியம்.

"நல்லதாப் போச்சு. காய்ச்சலுக்கு மாத்திர மெடிக்கல்ல கூடக் கெடைக்கும். இந்தக் கடவாப் பல்லு தண்ணி பட்டா உயிரு போவுது. பாரு" என்று ஏழுமலை மாமா அங்கேயே மூட்டையின் மேல் உட்கார்ந்து வாயைத் திறந்தார்.

"மாமா, நான் இன்னும் படிக்கவே..."

"பார்ரா சும்மா. காசா கேட்டேன்?"

பின்னால் சிரிப்பு. பார்த்தால், டீ கிளாஸை வைத்துவிட்டு ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒருவர் தன் போன் டார்ச்சைப் போட்டு என் கையில் கொடுத்தார்.

வேறு வழியில்லாமல் குனிந்து பார்த்தேன். பீடி நாற்றம், டீ வாசனை. பல்லெல்லாம் காவி. மேல் முன்பல் ஒன்றின் நுனியில், அரம் வைத்து ராவினது போல ஒரு பள்ளம் இருந்தது. ஏதோ கடித்து உடைத்திருப்பார் என்று நினைத்தேன். அடுத்த ஆள் வந்தார். அவருக்கும் அதே இடத்தில் அதே பள்ளம். மூன்றாவது ஆளுக்கும்.

நிமிர்ந்து கொட்டகை ஓரம் பார்த்தேன். நைனா கோணி ஊசியால் சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். சணலைப் பல்லில் கவ்வி இழுத்து, முடிச்சு இறுகியதும் கடித்து அறுத்தார். அடுத்த மூட்டை. மறுபடியும் கவ்வல், இழுப்பு, அறுப்பு. பிறந்ததிலிருந்து பார்க்கும் காட்சி. அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

நான்காவதாக வந்தவர் பச்சையப்பன் சித்தப்பா. அவருக்குப் பள்ளம் மறுபக்கத்துப் பல்லில் இருந்தது.

"சித்தப்பா, நீ எடது கையாலயா தைப்ப?"

அவர் வாயை மூட மறந்துவிட்டார். "எப்டிரா தெரிஞ்சது?"

"பல்லப் பாத்தா தெரியுது."

"டேய் ஏழுமல! பையன் வாயப் பாத்தே கையச் சொல்றான்டா!"

கொட்டகை முழுக்க ஒரே கூச்சல். எல்லோரும் ஒருவர் வாயை ஒருவர் திறந்து பார்த்துக்கொண்டார்கள். என் காதெல்லாம் சூடாகிவிட்டது. பன்னிரண்டு வருடம் படித்ததில் அப்படியொரு சந்தோஷம் எனக்கு வந்ததே இல்லை. மதிப்பெண் வந்த அன்றைக்குக்கூட இல்லை. இந்த வாய்களுக்குள் இன்னும் என்னவெல்லாம் எழுதியிருக்கும் என்று தோன்றியது. வந்த காரியம் மறந்தே போய்விட்டது.

ஒண்ணும் இல்ல அத்த

கடைசியாக வந்தவர் கன்னியம்மா அத்தை. சிந்திய நெல்லைக் கூட்டி அள்ளுகிறவர். வாயில் எப்போதும் புகையிலை அடக்கியிருப்பார். கமிட்டியில் அவர் நாக்குக்குப் பயப்படாத ஆள் கிடையாது. அன்றைக்கு வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, யாரையும் திட்டாமல் உட்கார்ந்தார். கன்னத்தை அவரே விரலால் இழுத்துக் காட்டினார்.

உட்கன்னத்தில், சுண்ணாம்பு அப்பினது போல ஒரு வெள்ளைத் திட்டு. ஓரம் சொரசொரப்பாக இருந்தது.

அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் பச்சையப்பன் சித்தப்பாவின் கையைக் கண்டுபிடித்த தலைக்கனம் இறங்கியிருக்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணும் இல்ல அத்த" என்றேன்.

அவர் கன்னத்திலிருந்து விரலை எடுத்தார்.

"தெரிஞ்சி சொல்றியா, வாய்க்கு வந்தத சொல்றியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. அவர் கேலியாகக் கேட்கவில்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அடுத்ததைத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ரெண்டு மாசமா காரம் பட்டா எரியுது. யாராண்ட காட்றதுன்னு தெரியல. நீ ஒண்ணும் இல்லன்னா நான் அத நம்பிக்கினு போயிடுவேன்."

டார்ச் என் கையில் எரிந்துகொண்டே இருந்தது.

"தெரியல அத்த" என்றேன். "வாய்க்கு வந்தததான் சொன்னேன். தெரிஞ்சவங்களாண்ட காட்டணும்."

"அதான. அப்டி சொல்லு" என்று எழுந்தார். சேலையை உதறினார். "அந்தத் தெரிஞ்சவனாத்தான் நீ ஆவப்போறன்னு இவனுங்க கூட்டு ரோட்டுல படம் மாட்டி வெச்சிருக்கானுங்க. ஆவறியா, இல்ல படத்தோட நின்னுடப் போறியா?"

அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏழுமலை மாமா கையைத் தட்டி எல்லோரையும் வேலைக்கு விரட்டினார். நான் நைனாவிடம் போனேன். தைத்துக்கொண்டே இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"நைனா, நீயும் வாயக் காட்டு."

"போடா. படிக்காதவனாண்டலாம் நான் காட்ட மாட்டேன்."

தூரத்திலிருந்து ஏழுமலை மாமா கத்தினார். "ரொம்பத்தான் மானக்காரன்! அப்ப எப்பதான்டா காட்டுவ?"

"படிச்சிட்டு வந்து பாக்கட்டும்."

"அஞ்சு வருசம் ஆவும் நைனா" என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன். எம்.பி.பி.எஸ்ஸுக்கு ஐந்தரை வருடம் ஆகும், நான் கணக்குச் சொன்னது கையில் இருந்த தாளுக்கு.

நைனாவும் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஊசியை நிறுத்தி என் கையைப் பார்த்தார். "ஆவட்டுமே. பல்லு எங்க ஓடிடப் போவுது?"

"ஓடிக்கினுதான்டா கீது எல்லாருக்கும்!" என்றார் மாமா.

"ரெண்டு ஓடனாலும் மீதி இருக்கும்" என்று சொல்லிவிட்டு நைனா சணலைக் கடித்து அறுத்தார்.

பிறகு

நான்காவது நாள் கல்லூரியில் சேர்ந்தேன். இயற்பியல் சாருக்குப் போன் செய்து சொன்னபோது, "சரி, உன் இஷ்டம்" என்றார். அந்தக் கோபம் ஆறுவதற்கு அவருக்கு ஒரு வருடம் பிடித்தது. ஞானப்பல் வலியோடு எங்கள் கல்லூரிக்கே வரவும் வேண்டியிருந்தது.

கன்னியம்மா அத்தையை நான் சேர்ந்த முதல் மாதமே கல்லூரிக்குக் கூட்டிப்போனேன். முப்பத்திரண்டு பல்லின் பெயர்களும் அப்போது எனக்கு முழுதாகத் தெரியாது. சீனியர் ஒருவர்தான் வாய் நோய்ப் பிரிவில் காட்ட வைத்தார். சின்னத் துணுக்கு எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். புற்றாக மாறவில்லை, ஆனால் புகையிலையை விடாவிட்டால் மாறலாம் என்றார் பேராசிரியை. அத்தை அங்கேயே மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். அதன் பிறகு இரண்டு முறை திருட்டுத்தனமாகப் போட்டுக்கொண்டதையும் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். கன்னத்து வெள்ளைத் திட்டு மெல்ல மெல்ல மறைந்தது. அவர் வாய்ப்பேச்சு மட்டும் மறையவில்லை.

பேனரை யாரும் கழற்றவில்லை. எம்.பி.பி.எஸ். மேல் பி.டி.எஸ். என்று ஸ்டிக்கர் ஒட்டினார் ஏழுமலை மாமா. மழைக்கு ஸ்டிக்கர் உரிந்து மறுபடியும் எம்.பி.பி.எஸ். ஆனேன். அந்த வருட ஐப்பசியில் கமிட்டியில் நெல் நனையாமல் மூட, பேனரையே அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மேல்சித்தாமூர் நெல்லின் மேல் நான் கோட்டும் ஸ்டெதாஸ்கோப்புமாக மல்லாந்து கிடந்ததை விடுமுறையில் வந்தபோது பார்த்தேன்.

முன்பல்லில் சணல் போடும் பள்ளத்தைப் பற்றி இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ வகுப்பில் வந்தது. ஊசிநூல் பிடிக்கும் தையல்காரர்களையும், ஆணியைக் கவ்வும் தச்சர்களையும் உதாரணம் சொன்னார்கள். நான் எழுந்து மூட்டை தைப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

ஐந்து வருடம் முடியும் தறுவாயில், பயிற்சி மருத்துவராக இருந்தபோது, ஒரு நாள் நைனா சொல்லாமல் கொள்ளாமல் கல்லூரிக்கு வந்து நின்றார். வெள்ளை வேட்டி. மழமழவென்று சவரம் செய்த முகம். வெளிநோயாளிச் சீட்டு வாங்கிக்கொண்டு, வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று, தன் முறை வந்த பிறகுதான் என் நாற்காலிக்கு வந்திருக்கிறார்.

"ஏன் நைனா, உள்ள வந்து என்னக் கூப்புடறதுதான?"

"எல்லாரும் நிக்கறாங்க. நான் மட்டும் வந்தா நல்லாருக்குமா?"

நாற்காலியைச் சாய்த்தபோது பயந்து இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டார். விளக்கை இறக்கினேன். வாயைத் திறந்தார். எனக்கு இருபத்துமூன்று வயதாகும் வரை, சிரிக்கும்போது துண்டால் மூடிக்கொள்ளும் அந்த வாய்க்குள் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

மூன்று பல் இல்லை.

வாயிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்ததும் அவரே சொன்னார். "ரெண்டுன்னு சொன்னேன். ஒண்ணு கூடப் போச்சிடா."

"பரவால்ல நைனா. தொற."

பக்கத்தில் குறிப்பெழுத உட்கார்ந்திருந்த ஜூனியர் பேனாவைத் திறந்தாள். வலது மேல் ஓரத்திலிருந்து தொடங்கி, மீதி இருந்த ஒவ்வொரு பல்லையும் தொட்டுத் தொட்டு, அதன் பெயரைச் சத்தமாகச் சொன்னேன்.